நிருதி லிங்கத்தில் நின்றுபோன இதயம்

பத்தாம் வகுப்பில் மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறி, அறிவியலில் மட்டும் தவறியவன் நான். இதை யாரிடமும் மறைத்ததில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடி, ஏறிக்கொண்டே போகும் நெற்றி, சட்டைப்பையில் இரண்டு பேனா, பத்திரிகைகளில் எப்போதாவது வெளிவரும் நகைச்சுவைக் கட்டுரை, இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து, நான் குறைந்தது ஒரு எம்.ஏ.வாவது படித்திருப்பேன் என்று ஊர் தானாகவே முடிவுகட்டிவிட்டது. ஒரு பள்ளியின் ஆண்டு விழாவில் எனக்குச் சால்வை போர்த்தி, மாணவர்களுக்கு அறிவியல் மனப்பான்மை குறித்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினேன். தலைமையாசிரியர் என் வேட்டியைப் பிடித்து இழுக்கும்வரை பேசினேன்.

தொழிலால் நான் ஓர் அரசு அலுவலகத்தில் அலுவலக உதவியாளர். அதிகாரியின் அறைக்கு வெளியே ஒரு ஸ்டூல், உள்ளே அவர் மேஜையில் ஒரு அழைப்பு மணி. மணி அடித்தால் நான் எழ வேண்டும். இந்த வேலையின் சாரம் இவ்வளவுதான். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடி கனமான ருஷ்ய நாவல்கள் பலவற்றைப் படித்து முடித்திருக்கிறேன். கதாநாயகன் காதலைச் சொல்ல வாயைத் திறக்கும் இடத்தில் எல்லாம் எனக்கு மணி அடித்திருக்கிறது. போய்க் கோப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள், ஒன்று அவளுக்கு வேறு ஒருவனோடு கல்யாணம் ஆகியிருக்கும், அல்லது நான் விட்ட பக்கம் எதுவென்று தெரியாமல் போயிருக்கும்.

அப்படி ஒரு நாள் அடித்த மணிக்கு உள்ளே போனபோது, அதிகாரி மேடம் என்னுடைய பணிப்பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, டென்த்ல சயின்ஸ் ஒண்ணுதான் போச்சா?"

"ஆமாங்க மேடம். அது ஒண்ணுதாங்க."

"இத்தன வருஷமா ஏன் எழுதல?"

"அடுத்த தடவ எழுதலாம்னு இருந்தேங்க."

மேடம் என்னைவிட வயதில் சின்னவர், சிரிப்பை அடக்கத் தெரிந்தவர். "ரெக்கார்ட் கிளார்க் போஸ்ட் ஒண்ணு காலியாவுது. சீனியாரிட்டில நீங்கதான் மொதல்ல. ஆனா டென்த் பாஸ் வேணும். இந்த வருஷம் பாஸ் பண்ணிட்டீங்கன்னா உங்க பேர அனுப்பிடுவேன். இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். அப்பறம் நீங்க ரிடையர் ஆவுற வரைக்கும் வேற போஸ்ட் வராது, பாத்துக்குங்க."

சம்பளத்தில் பெரிய மாற்றம் இருக்காது. எனக்கு ஆசை வந்தது வேறு காரணத்துக்கு. பதிவறை கட்டடத்தின் பின்கோடியில் இருக்கிறது. அங்கே சாய்ந்துகொள்ள முதுகு வைத்த நாற்காலி, ஒரு மேஜை, ஒரு மின்விசிறி. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அறைக்கு மணிச் சத்தம் கேட்காது. மனிதனாகப் பிறந்தவன் பணி ஓய்வுக்கு முன்னால் ஒரு அத்தியாயத்தையாவது இடையில் எழுந்திருக்காமல் படித்து முடிக்க வேண்டாமா? என் வாழ்க்கை லட்சியம் அந்த அளவுக்குச் சுருங்கியிருந்தது.

வீட்டில் செய்தியைச் சொன்னேன். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தியை நிறுத்தவில்லை.

"அப்பா பத்தாவது, பொண்ணு பதினொண்ணாவது. நல்லா கீது குடும்பம். யூனிபார்ம் தைக்கக் குடுத்துடட்டுமா?"

பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவு எடுத்திருந்த மகளுக்குத்தான் உண்மையான மகிழ்ச்சி. பரணில் ஏறித் தன் பழைய பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து வந்து என் மடியில் போட்டாள்.

"மஞ்ச கோடு போட்டதெல்லாம் இம்பார்ட்டன்ட். ஸ்மைலி போட்டது ஈஸி. மண்ட ஓடு போட்டது நானே படிக்கலப்பா, நீயும் விட்டுடு."

புரட்டிப் பார்த்தேன். மண்டை ஓடுகள் நிறைய இருந்தன. நான் பத்தாவது படித்த காலத்துக்குப் பிறகு அறிவியல் அநியாயத்துக்கு வளர்ந்திருந்தது. எனக்குத் தெரிந்த அறிவியலில் மாட்டுக்கு நான்கு இரைப்பை, தவளைக்கு இரட்டை வாழ்க்கை. இதில் மரபணு வெட்டி ஒட்டுகிறார்கள்.

அன்று மாலையே மகள் ஒரு தேர்வு வைத்தாள். ஒளிவிலகல் என்றால் என்ன, இரண்டு மதிப்பெண். நான் தயங்காமல் எழுதினேன். ஒளியும் மனிதனைப் போலவே பழகிய இடத்தை விட்டுப் பழகாத இடத்துக்குப் போகும்போது கொஞ்சம் வளைந்துகொடுக்கிறது என்று தொடங்கி, மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்குள் நுழைவதை உவமையாகக் காட்டி, முக்கால் பக்கத்தில் முடித்தேன். நன்றாக வந்திருப்பதாக நானே நினைத்தேன்.

மகள் படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

"ஜீரோ."

"ஏன், தப்பா இருக்குதா?"

"தப்பு இல்ல. ஆனா ஊடகம்னு ஒரு வார்த்தை இல்ல, அடர்த்தின்னு ஒரு வார்த்தை இல்ல. மாமனார் ரெண்டு எடத்துல வராரு. ரெண்டு மார்க்குனா ரெண்டு வரிப்பா. பேப்பர் திருத்தறவங்களுக்கு கட்டு கட்டா பேப்பர் கெடக்கும். அவங்க உன் ரசிகருங்க இல்ல."

"அம்மா மாரியே பேசற."

"அம்மாதான் சொல்லச் சொன்னாங்க."

சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. முதல் தடவை நான் ஏன் தவறினேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதுவரை கேள்வித்தாள் கடினம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சுருக்கமாக எழுதப் பழகிவிடலாம். ஆனால் சுருக்குவதற்கு முதலில் மண்டையில் ஏதாவது நிற்க வேண்டும், நின்றால்தானே? காலையில் படித்த கரைசல்கள் மதியச் சாப்பாட்டுக்குள் கரைந்துவிடும். ருஷ்யப் பெயர்களைத் தகப்பன் பெயரோடு நினைவில் வைத்திருக்கிற மூளை, தனிம வரிசை அட்டவணையில் நான்காவது கட்டத்தைத் தாண்ட மறுத்தது.

அப்போதுதான் எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. பழங்காலத்துப் பேச்சாளர்கள் நீண்ட உரைகளை நினைவில் வைத்துக்கொள்ள, தமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வீட்டை மனதில் நினைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு செய்தியை வைத்துவிடுவார்களாம். பேசும்போது மனதுக்குள் அறை அறையாக நடந்துபோய் எடுத்துக்கொள்வார்களாம். என் வீட்டில் சமையலறையையும் பூஜையறையையும் சேர்த்தாலே நாலு அறை. அறிவியல் புத்தகத்திலோ இருபத்து மூன்று பாடம். ஆனால் திருவண்ணாமலையில் இருப்பவனுக்கு இடப் பஞ்சம் ஏது? சர்க்கரை நோய்க்காக மனைவி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிரிவலம் போவாள், கூடவே என்னையும் இழுத்துக்கொண்டு. அந்தப் பாதையில் கண்ணைக் கட்டி விட்டாலும் நான் தடுக்கி விழ மாட்டேன். எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம். ஒவ்வொரு லிங்கத்திலும் சில பாடங்களை வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

இந்திர லிங்கத்தில் இயக்க விதிகள். அக்னி லிங்கத்தில் வெப்ப இயற்பியல், யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எம லிங்கத்தில் உடல்நலமும் நோய்களும். நிருதி லிங்கத்துக்குப் பொருத்தமாக எதுவும் கிடைக்காததால் இதயத்தையும் ரத்த ஓட்டத்தையும் அங்கே வைத்தேன். வருண லிங்கத்தில் கரைசல்கள். அடி அண்ணாமலையில் நாங்கள் வழக்கமாக நிற்கும் கரும்புச்சாற்றுக் கடையில் எத்தனால். வாயு லிங்கத்தில் ஒலியியல். குபேர லிங்கத்தில் தனிமங்கள், தங்கமும் வெள்ளியும் அங்கே இருப்பதுதானே முறை. அதைத் தாண்டி இடுக்குப் பிள்ளையார் கோயில். குறுகலான துவாரத்தில் ஒருக்களித்துப் படுத்து ஊர்ந்து வெளியே வர வேண்டும். அங்கே நரம்பு மண்டலம். தண்டுவடம் என்று ஒன்று நமக்குள் இருப்பதை அந்த இடத்தில்தான் நான் நேரடியாக உணர்ந்திருக்கிறேன். கடைசியில் ஈசான்ய லிங்கத்தில் மரபியலும் பரிணாமமும்.

திட்டத்தை விளக்கியபோது மனைவி முகம் மாறியது.

"எம லிங்கத்துல இன்னா வெச்சீங்க?"

"நோய்ங்க. புகையிலை, எய்ட்ஸ், சர்க்கரை..."

"எனக்கு சுகர் இருக்குதுன்னு தெரிஞ்சே கொண்டுபோயி எமன்கிட்ட வெச்சிருக்கீங்க."

"வேணும்னா குபேரன்கிட்ட மாத்திடறேன்."

"வேணாம். அங்கியே இருக்கட்டும். போற வழியில நான் ஒரு கும்புடு போட்டுக்கறேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மலையையும் அறிவியலையும் சேர்த்தே சுற்றினேன். மனைவி முன்னால் வேகமாக நடப்பாள், நான் பின்னால் முணுமுணுத்துக்கொண்டு போவேன். செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டியதும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்களும் நடக்க வந்து சேர்ந்துகொள்வார்கள். அப்படி ஒரு வெள்ளைக்காரப் பெண், வெறுங்காலும் பருத்திப் புடவையுமாக, வெகுநேரம் என் பக்கத்திலேயே வந்தாள். நான் அடுத்து வரும் நிருதி லிங்கத்துக்காக வலது ஆரிக்கிள், வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல், நுரையீரல் சிரை, இடது ஆரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இது எந்த மந்திரம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் விளக்க வாயெடுப்பதற்குள் மனைவி திரும்பிப் பார்த்து, "ஹார்ட் மந்த்ரா" என்று சொல்லிவிட்டாள்.

அந்தப் பெண் நெஞ்சில் கையை வைத்துக் கண்ணை மூடினாள். "பியூட்டிஃபுல்" என்றாள். அதன் பிறகு கொஞ்ச தூரம் அவளும் ஆரிக்கிள், வெண்ட்ரிக்கிள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். உச்சரிப்பு என்னுடையதைவிடச் சுத்தம். அவள் இப்போது எந்த ஊரில், எத்தனை பேருக்கு இதைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறாளோ தெரியவில்லை. உடம்புக்கு ஒன்றும் கெடுதல் இல்லை.

முறை பலித்தது. அதுதான் எனக்கே ஆச்சரியம். மகள் எங்கிருந்து கேட்டாலும் பதில் வந்தது, ஒரே ஒரு குறையோடு.

"தனிமங்கள். நவீன ஆவர்த்தன விதி சொல்லு."

நான் கண்ணை மூடினேன். நேரம் போனது.

"தூங்கிட்டியா?"

"இரு, அடி அண்ணாமலைகிட்ட வந்துட்டேன்."

"நேரா குபேர லிங்கத்துக்குப் போவ வேண்டியதுதான? ஆட்டோ புடி!"

முடியவில்லை. இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து நடந்தால்தான் குபேர லிங்கம் வந்தது. நடக்கிற வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன், ஓரளவுக்கு வந்தது. அதற்கு மேல் மகளும் வற்புறுத்தவில்லை. "எக்ஸாம்ல வரிசையா போயிடு, அப்ப ப்ராப்ளம் இல்ல" என்றாள். எங்கள் இருவருக்கும் தோன்றாத ஒன்று அதில் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மணி விஷயத்தையும் மகள்தான் கண்டுபிடித்தாள். நரம்பு மண்டலம் நடத்திக்கொண்டிருந்தாள். அனிச்சைச் செயல் என்றால் என்ன, சுடுபாத்திரத்தில் கை பட்டால் நாம் யோசிக்காமலே கையை எடுத்துக்கொள்வது, செய்தி மூளை வரைக்கும் போகாமல் தண்டுவடத்தோடு திரும்பிவிடுவது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த நேரத்தில் பூஜையறையில் மனைவி மணி அடித்தாள். நான் எழுந்து நின்றேன்.

மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்குப்பா எழுந்த?"

எனக்குத் தெரியவில்லை. மனைவி பூஜையறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அவரு எப்பவும் எழுந்துப்பாரு. கல்யாணம் ஆன நாள்லருந்து. பக்தி ஜாஸ்தி" என்றாள்.

"பக்தி இல்லம்மா. ஆபீஸ் மணி." மகள் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினாள். "இந்தா, நிபந்தனை அனிச்சைச் செயல். பழக்கத்துல வர்றது. புக்குல உதாரணத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கறதுன்னு போட்டிருக்கான், அடுத்த எடிஷன்ல உன் போட்டோ போடலாம்."

நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பத்தியைப் படித்தேன். "இதுக்கு மூளை வேணும்னு ஒரு பேச்சு இருக்குதே. கத்துக்கறது இல்லியா?"

"மத்தவங்களுக்கு வேணும். உன் கேஸ்ல தண்டுவடமே போதும்."

மனைவி கற்பூரத் தட்டோடு வந்து நின்றாள். இத்தனை வருஷம் தன் கணவனைப் பக்திமான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தவள். "அப்ப சாமிக்கு எழுந்துக்கலியா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் புத்தகத்தின் பின்பக்கம் விடை இல்லை.

தேர்வுக்கு முன்னால் தனித்தேர்வர்களுக்குச் செய்முறைத் தேர்வு வைக்கிறார்கள். என் காலத்தில் செய்முறை கிடையாது, படத்தில் பார்த்த குடுவைதான். குறிப்பிட்ட பள்ளிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு போய் ஆய்வகக் கதவருகே நின்றேன். உள்ளே இருந்த இளம்பிள்ளைகள் சடசடவென்று எழுந்து நின்றார்கள். ஆசிரியர் ஓடி வந்தார்.

"வாங்க சார், வாங்க. எக்ஸ்டர்னல் சார்தான? உக்காருங்க. டீ சொல்லிடட்டுமா, காபி சாப்புடுவீங்களா?"

முதுகு வைத்த நாற்காலி. மின்விசிறிக்கு நேர் கீழே. பக்கத்தில் கிரீம் பிஸ்கட் தட்டு. நான் டீ என்றேன். உண்மையைச் சொல்லத்தான் போகிறோம், டீ வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். டீ வந்தது, கூடவே உண்மையான வெளித்தேர்வாளரும் வந்துவிட்டார். கையில் பிஸ்கட்டோடு எழுந்து, நான் பிள்ளைகளின் வரிசையில் கடைசியில் போய் நின்றேன். ஆசிரியர் வெகுநேரம் என் பக்கமே பார்க்கவில்லை. கொடுத்த உப்பு நீரில் கரைகிறதா என்று சோதிக்கச் சொன்னார்கள், கரைத்தேன். நானும் கரைய முயன்றேன், என் கரைதிறன் கம்மி.

எழுத்துத் தேர்வு மையம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் போட்டிருந்தார்கள். காலையில் மனைவி நெற்றியில் விபூதி வைத்துவிட்டாள். வழக்கமான கிண்டல்கூட இல்லை, அது எனக்குப் பயத்தைக் கூட்டியது. மகள் பேருந்து நிறுத்தம்வரை வந்தாள்.

"ரெண்டு மார்க்குக்கு?"

"ரெண்டு வரி."

"மாமனாரு?"

"வர மாட்டாரு."

தேர்வறையில் என் முழங்கால் பெஞ்சுக்குள் நுழையவில்லை. கண்காணிப்பாளராக ஓர் இளம் ஆசிரியை வந்தார். கேள்வித்தாள் கைக்கு வந்ததும் ஒருமுறை முழுக்கப் படித்தேன். தெரிந்த முகங்கள் நிறைய இருந்தன. இதயத்தின் வழியாக ரத்தம் செல்லும் பாதையைப் படத்துடன் விளக்குக என்ற பெரிய கேள்வியைப் பார்த்ததும், அந்த வெள்ளைக்காரப் பெண்ணை நன்றியோடு நினைத்துக்கொண்டேன். கண்ணை மூடி ராஜகோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்கினேன்.

இந்திர லிங்கம் எளிதாக முடிந்தது. அக்னி லிங்கத்தில் கணக்கு ஒன்று வந்தது, விடையின் அலகை மறக்காமல் போட்டேன். எம லிங்கத்தில் மனைவி கும்பிட்டுக்கொண்டு நின்றாள், புகையிலையின் தீமைகளை அவள் பக்கத்தில் நின்றே எழுதினேன். நிருதி லிங்கத்துக்கு வந்து, இதயத்தைப் பெரிதாக வரைந்து, நாலு அறை பிரித்து, வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து ரத்தத்தை நுரையீரல் தமனிக்குள் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

வெளியே மணி அடித்தது. நேரம் அறிவிக்கிற மணி. வேறு யாரும் தலைகூட நிமிரவில்லை.

நான் எழுந்து நின்றேன். எழுந்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, பெஞ்சிலிருந்து வெளியே வந்து, ஆசிரியையின் மேஜை வரைக்கும் நடந்துபோய், "சொல்லுங்க மேடம்" என்றேன்.

அவர் பதறி எழுந்தார். "இன்னா சார்? முடிச்சிட்டீங்களா? அதுக்குள்ள பேப்பர் வாங்கக் கூடாது சார்."

"இல்லீங்க. மணி அடிச்சீங்க..."

"நான் அடிக்கல சார். அது டைம் பெல்லு. போயி உக்காந்து எழுதுங்க." பிறகு தாழ்ந்த குரலில், "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார்.

அறை முழுக்கச் சிரிப்பு. திரும்பி வந்து உட்கார்ந்து பேனாவை எடுத்தால், ரத்தம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று தெரியவில்லை. நுரையீரல் தமனி வரைக்கும் எழுதியிருந்தேன். அதற்கு அப்பால் நிருதி லிங்கமே இருட்டாக இருந்தது. சரி, நின்று நேரத்தை வீணாக்குவானேன், பிறகு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அரைப் பக்கத்தை வெற்றாக விட்டுவிட்டு வருண லிங்கத்துக்கு நகர்ந்தேன். கரைசல்கள் சரியாக வந்தன. கரும்புச்சாற்றுக் கடையில் எத்தனால் நுரைத்தது. வாயு லிங்கத்தில் எதிரொலி. குபேர லிங்கத்தில் தனிமங்களை எழுதி முடித்தபோது, திடீரென்று நுரையீரல் சிரை என்ற சொல் எங்கிருந்தோ வந்தது. ஆகா, கிடைத்துவிட்டது, நிருதி லிங்கத்துக்குத் திரும்பலாம் என்று மனதுக்குள் திரும்பினேன்.

அங்கேதான் சிக்கியது. குபேர லிங்கத்திலிருந்து நிருதி லிங்கத்துக்குப் போவது என்றால் அப்பிரதட்சணமாக, மலையை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். பிறந்தது முதல் இந்த ஊரில் யாரும் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவர்கள், மனைவியைத் தொலைத்தவர்கள்கூடச் சுற்றி முடித்துவிட்டுத்தான் தேட வருவார்கள். மனதுக்குள்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று இரண்டடி வைத்தேன். ஊரே எதிரில் வந்தது. போலீஸ்காரர் விசில் ஊதினார். கூட்டத்துக்கு நடுவில் மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எங்க போறீங்க? எல்லாரும் ஒரு பக்கம் போனா நீங்க ஒரு பக்கமா?" என்றாள்.

வேறு வழி இல்லை. முன்னோக்கியே நடந்தேன். இடுக்குப் பிள்ளையாரில் படுத்து ஊர்ந்து நரம்பு மண்டலத்தை எழுதினேன். ஈசான்யத்தில் பரிணாமத்தை முடித்தேன். ராஜகோபுரத்துக்கு வந்து, இரண்டாவது சுற்று தொடங்கினேன். இந்திரன், அக்னி, எமன், யாரிடமும் நிற்கவில்லை, ஓட்டமும் நடையுமாகப் போனேன். அத்தனை கேள்விகளையும் எழுதிவிட்டு, ஒரே ஒரு இதயத்துக்காக மலையை மறுபடி சுற்றியவன் தேர்வு வரலாற்றில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நிருதி லிங்கத்தை அடைந்து, நுரையீரல் சிரை வழியாக ரத்தத்தை இடது ஆரிக்கிளுக்குக் கொண்டுவந்தேன்.

கடைசி மணி அடித்தது. அறையில் எல்லோரும் எழுந்தார்கள். நான் எழவில்லை.

யோசித்து எடுத்த முடிவு என்றெல்லாம் சொல்ல மாட்டேன். இடது வெண்ட்ரிக்கிளுக்கு இன்னும் ஒரு கதவுதான் இருந்தது. ஆசிரியை வரிசையாகத் தாள்களை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

"சார், பெல் அடிச்சாச்சு. இப்ப எழுந்துக்கணும் சார்."

தாள் என் கையிலிருந்து மெதுவாக உருவப்பட்டது. ரத்தம் இடது ஆரிக்கிளோடு நின்றுவிட்டது. உடம்புக்குப் போய்ச் சேரவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். வரிசையாகப் போகச் சொன்னது தான்தானே என்ற குற்ற உணர்வு அவளுக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் நான் எழுதியதைக் கேட்டு மதிப்பெண் போட்டுக் கூட்டினாள், அழித்தாள், மறுபடி கூட்டினாள். தேறுவதும் தேறாததும் அந்தப் பாதி இதயத்தைத் திருத்துபவர் எப்படிப் பார்க்கிறார் என்பதில் இருக்கிறது என்றாள்.

மனைவிக்குக் கோபம் வேறு இடத்தில். "மனசுக்குள்ளகூட நான் உங்கள வுடலியா? நெசமா நானா இருந்தா, திரும்பிப் போவட்டும்னு வுட்டிருப்பேன் இல்ல?"

"நீயா? வுட்டிருக்க மாட்டே."

"வுட்டிருக்க மாட்டேன்தான்" என்று ஒப்புக்கொண்டாள்.

முடிவு வெளியான அன்று மகள்தான் கைப்பேசியில் பார்த்தாள். திரையை என் பக்கம் திருப்பாமல் வெகுநேரம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பாஸ். சொல்ற மார்க் இல்ல, ஆனா பாஸ்" என்றாள். தேவையான அளவுக்கு மேலே நூல் இழை அளவுதான் இருந்தது. திருத்தியவர் யாரோ, இடது ஆரிக்கிள் வரைக்கும் வந்த ரத்தத்துக்குக் கூலி போட்டிருக்கிறார். மனைவி சர்க்கரை டப்பாவை எடுத்து வந்து எங்கள் இருவர் வாயிலும் போட்டுவிட்டு, தன் வாய்க்கு எடுத்த விரலை எம லிங்கத்தை நினைத்து நிறுத்திக்கொண்டாள்.

மேடம் சொன்னபடி என் பெயரை அனுப்பினார். ஆணை வந்தது. பதிவறையில் முதுகு வைத்த நாற்காலி, மேஜை, கொஞ்சம் கிரீச்சிடும் மின்விசிறி. நான் போய் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த நாவலைப் பிரித்தேன். கதாநாயகன் வாயைத் திறந்தான்.

மேடம் வாசலில் வந்து நின்றார். சங்கடமான முகம்.

"அண்ணா, உங்க பழைய போஸ்ட்டுக்கு ஆள் போடல. கேட்டிருக்கேன், எப்ப வருவாங்கன்னு தெரில. அது வரைக்கும் நீங்களே கொஞ்சம் சேத்துப் பாத்துக்குங்க. ஒண்ணும் பிரச்சின இல்ல, இங்க கேக்கற மாரி வெளிய ஒரு பெல்லு மாட்டச் சொல்லிட்டேன்."

ஆக, பதிவறைக்கும் மணி வந்துவிட்டது. பழையதைவிடச் சத்தம் ஜாஸ்தி. புது ஆள் இன்றுவரை வரவில்லை. நான் பதிவு எழுத்தர், அலுவலக உதவியாளர் பணி கூடுதல் பொறுப்பு.

இதை வீட்டில் சொன்னபோது மகள் சிரிக்கவில்லை. ஆராய்ச்சியாளரின் தோரணையில், "மணி அடிச்சதும் இப்ப இன்னா பண்ற? கரெக்டா சொல்லு" என்றாள்.

யோசித்துப் பார்த்துச் சொன்னேன். மணி அடிக்கிறது. நான் படித்துக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடிக்கிறேன். அடுத்த வாக்கியம் சின்னதாக இருந்தால் அதையும் முடிக்கிறேன். பக்கத்தின் ஓரத்தை மடித்து வைக்கிறேன். பிறகு எழுகிறேன்.

"அப்ப அது அனிச்சைச் செயல் இல்லப்பா" என்றாள் மகள். "இப்பல்லாம் அது மூளைக்குப் போயிட்டு வருது."

உள்ளே மனைவி பூஜை மணி அடித்தாள். இருவரும் என்னையே பார்த்தார்கள். நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து நின்றேன். இந்த முறை சாமிக்குத்தான் என்று மனைவி இருக்கும் பக்கம் குரல் கொடுத்தேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.